பெயர் பெற்ற தூரிகை: ஓவியர் ஜன்கர் சிங் ஷ்யாம் வாழ்வும் பணியும்

கோயிலைக் கட்டுவித்த மன்னனின் பெயர் கல்வெட்டில் நிலைத்திருக்கிறது. கல்லைச் செதுக்கிய கையின் பெயர் பெரும்பாலும் மறைந்துவிட்டது. பரிசில் வழங்கிய வள்ளலின் பெயரை ஏடுகள் காத்தன. அவ்வள்ளலின் வாயிலில் பறை முழக்கியவனின் பெயரை எழுதி வைத்தார் எவருமில்லை. உழைக்கும் மக்கள் படைத்த கலைகளையெல்லாம் நாட்டுப்புறக் கலை என்னும் ஒரே பொதுப்பெயரில் அடக்கி, அவற்றைப் படைத்த மாந்தரின் தனிப்பெயரை மறந்துவிடுவது நம் நாட்டில் நெடுங்காலமாக இருந்துவரும் வழக்கமாகும்.

இவ்வழக்கத்தை மாற்றிக் காட்டிய ஒரு கலைஞரின் வாழ்க்கையை இவ்வெள்ளி விழா மலரில் எழுதப் புகுகின்றோம். மத்தியப் பிரதேசத்தின் காட்டகச் சிற்றூரொன்றில், வறுமையின் மடியில், பழங்குடிக் குடும்பத்தில் பிறந்து, மண்சுவரில் வரைந்த கையால் பாரிஸ் நகரின் கலைக்கூடம் வரை சென்றவர் ஓவியர் ஜன்கர் சிங் ஷ்யாம். ஓர் ஓவிய மரபே இன்று அவர் பெயரால் வழங்குகிறது. அவர் வாழ்ந்த காலம் நாற்பது ஆண்டு அளவே. அவ்வாழ்வின் ஏற்றமும் முடிவும் நம் போன்ற சமுதாயத்தார்க்குப் பாடமாக அமைவன. ஏற்றத்தைக் கண்டு பெருமிதம் கொள்வதோடு, முடிவையும் மறைக்காமல் கூறுதல் நம் கடமை என்று கருதுகின்றோம்.

பிறப்பும் குடியும்

மத்தியப் பிரதேசத்தின் கிழக்குப் பகுதியில், நருமதை ஆற்றின் மேற்பள்ளத்தாக்கில், மலையும் காடும் சூழ்ந்த மண்டலா என்னும் மாவட்டம் உள்ளது. அங்கே பாடன்கட் என்னும் சிற்றூரில், 1960களின் தொடக்கத்தில் ஜன்கர் பிறந்தார். 1998ஆம் ஆண்டில் மாவட்டம் பிரிக்கப்பட்டபோது அவ்வூர் திண்டோரி மாவட்டத்தைச் சேர்ந்ததாயிற்று. குடிக்கணக்கு எடுத்த காலத்தில் பிறந்த பிள்ளையாதலின், அதனைக் குறிக்கும் இந்திச் சொல்லையொட்டி ஜன்கர் என்று பெயரிட்டனர் என்பர். அரசாங்கத்தின் ஏட்டில் ஓர் எண்ணாகப் பதிவாக வேண்டியிருந்த பிள்ளை, பின்னாளில் ஒரு மரபுக்கே பெயர் தந்தது எண்ணி மகிழத் தக்கது.

இந்தியப் பழங்குடிகளுள் கோண்டு மக்கள் பெருந்தொகையினர். ஒரு கோடிக்கும் மேற்பட்டவர். ஒரு காலத்தில் நாடாண்டவர்கள். 1564ஆம் ஆண்டில் முகலாயப் படையை எதிர்த்துக் களத்தில் உயிர் நீத்த அரசி துர்க்காவதி, கோண்டு அரசின் சார்பில் ஆட்சி புரிந்தவரே. இக்கோண்டு மக்களின் குடிவரலாற்றையும் கடவுளர் கதைகளையும் பாடி வைத்திருந்த பாணர் குலமே பர்தான் என்பது. ஜன்கர் அக்குலத்தவர்.

பர்தான்களின் கையில் பானா என்னும் இசைக்கருவி இருக்கும். மூன்று நரம்புகள் பூட்டி வில்லால் இழைத்து வாசிக்கப்படுவது அது. பர்தான் பாணன் தனக்குரிய கோண்டுக் குடும்பங்களின் இல்லங்களுக்கு மூன்றாண்டுக்கு ஒருமுறை செல்வான். அவர்தம் முன்னோர் பெயர்களை வரிசையாகப் பாடுவான். பெருந்தெய்வமாகிய படா தேவைப் பாட்டால் எழுப்புவான். அவர்கள் தரும் தானியமும் துணியும் பெற்று மீள்வான். எழுத்தறியாச் சமுதாயத்திற்கு வரலாற்று ஏடாக விளங்கியது அவன் நினைவே ஆகும்.

இத்தொழிலுக்கு ஒரு தொன்மக் கதையும் உண்டு. அண்ணன்மார் செய்த பிழையால் படா தேவ் கருமருது மரத்துள் மறைந்துகொள்ள, கடைசித் தம்பி மட்டும் பானாவைச் செய்து இசைத்துத் தெய்வத்தை மகிழ்வித்தான் என்றும், அத்தம்பியின் வழிவந்தவரே பர்தான்கள் என்றும் அம்மக்கள் கூறுவர். தெய்வத்தோடு பேச வல்லவன் தம்பி. ஆயினும் சமுதாயத்தில் அவனுக்கு வாய்த்த இடம் அண்ணன்மாருக்குக் கீழேதான். பாடிப் பெறுபவன் என்பதால் பர்தான் தாழ்ந்தவனாகக் கருதப்பட்டான். கோண்டு வீட்டில் சாவு நேர்ந்தால் இறந்தவரின் உடையும் அணியும் பர்தானுக்கு உரியனவாயின.

இதனைப் படிக்கும் நம் இளைஞர்களுக்கு விளக்கம் வேண்டுவதில்லை. திருவிழாவின் முன்னறிவிப்பும் இறந்தவனின் இறுதி மரியாதையும் நம் முன்னோரின் பறையொலியின்றி நிகழ்ந்ததில்லை. எனினும் முழக்கிய கைக்குக் கிடைத்தது சிறு கூலியும் பெரும் இழிவுமே. கலையைப் போற்றிக் கலைஞனைத் தள்ளி வைக்கும் கொடுமை நருமதைக் கரையிலும் உண்டு. கொற்றலை ஆற்றின் கரையிலும் உண்டு.

கோண்டு அரசுகள் வீழ்ந்தன. காடுகள் அரசாங்கத்தின் உடைமையாயின. கொடுத்தவர்களே வறியரானபோது பாடியவர்கள் என்ன செய்வர்? பானாவைச் சுவரில் மாட்டிவிட்டுப் பர்தான்கள் கூலி வேலைக்குச் சென்றனர். 1940களில் மானிடவியல் அறிஞர் வெரியர் எல்வின் பாடன்கட்டில் தங்கி அம்மக்களோடு வாழ்ந்தார். அவருடைய தோழர் சாம்ராவ் ஹிவாலே பர்தான்களைப் பற்றி 1946ஆம் ஆண்டில் ஒரு நூலே வெளியிட்டார். நூலில் குலத்தின் சிறப்பு இடம்பெற்றது. குலத்தாரின் அடுப்பு எரியவில்லை.

இளமை

ஜன்கரின் குடும்பம் மிக வறியது. பள்ளியில் சேர்ந்த சிறுவனால் படிப்பைத் தொடர இயலவில்லை. எருமை மேய்த்தும், பக்கத்துச் சிறுநகரில் பால் விற்றும் அவர் இளமை கழிந்தது. பதினாறு வயதளவில் சோன்புரி என்னும் ஊரைச் சேர்ந்த நன்குசியா என்னும் பெண்ணை மணந்தார். இந்த அம்மையாரும் பின்னாளில் தூரிகை ஏந்திப் பெயர் பெற்ற ஓவியரானார்.

பள்ளி அவருக்குக் கிட்டவில்லை என்றோம். கல்வி கிட்டவில்லை என்று கூறோம். பர்தான் வீட்டில் பிறந்த பிள்ளை கதைகளைக் கேட்டே வளரும். எந்த மரத்தில் எந்தத் தெய்வம் உறைகிறது, எந்த விலங்கு எந்தக் கதையில் வருகிறது என்பனவெல்லாம் ஜன்கரின் நெஞ்சில் பாட்டுகளாய்ப் பதிந்திருந்தன. அவை உருவம் பெறுவதற்குக் காலம் காத்திருந்தது.

சுவரிலிருந்து தாளுக்கு

நம் தாய்மார் வாசல் தெளித்துக் கோலமிடுவதுபோல், கோண்டு, பர்தான் இல்லங்களின் மகளிர் தரையிலும் சுவரிலும் திக்னா என்னும் கோலத்தை எழுதுவர். சாணமும் மண்ணும் கொண்டு மெழுகிய பரப்பின்மேல் செம்மண், வெண்மண், மஞ்சள் மண், கரி ஆகியவற்றால் கட்டங்களையும் முக்கோணங்களையும் அமைப்பர். ஈர மண்ணைப் பிசைந்து சுவரில் புடைப்பு உருவங்கள் செய்தலும் உண்டு. மழை வந்தால் அழியும். விழா வந்தால் மீண்டும் பிறக்கும். விற்பதற்கென எழுதப்படாத கலை அது; கீழே கையெழுத்திடும் வழக்கமும் இல்லாதது.

1980களின் தொடக்கத்தில் போபால் நகரில் பாரத் பவன் என்னும் கலைக்கூடம் உருவாகி வந்தது. கட்டடக் கலைஞர் சார்லஸ் கொரியா அதனை வடிவமைத்தார். அதன் ஓவியக் காட்சிக்கூடத்திற்குப் பொறுப்பேற்றவர் ஜெகதீஷ் சுவாமிநாதன் என்னும் ஓவியர். தமிழ்க் குடும்பத்தில் சிம்லாவில் பிறந்தவர். நகரத்துக் கலைஞனும் காட்டகத்துக் கலைஞனும் ஒரே காலத்தில் வாழும் சமகாலத்தவர்களே, ஆதலின் இருவர் படைப்பும் ஒரே கூரையின்கீழ்ச் சமமாக வைக்கப்படுதல் வேண்டும் என்பது அவர் கொள்கை. பழங்குடிகளின் படைப்புகளைத் தொல்பொருள்போல் கண்ணாடிப் பேழைக்குள் அடைக்கும் வழக்கத்தை அவர் ஏற்கவில்லை. இளங்கலைஞர்களைச் சிறு குழுக்களாகப் பிரித்து ஊர் ஊராக அனுப்பினார்.

அவ்வாறு சென்ற குழு ஒன்று 1981ஆம் ஆண்டில் பாடன்கட்டை அடைந்தது. சுவரில் வரைந்திருந்த அனுமன் உருவம் அவர்கள் கண்ணைப் பற்றி நிறுத்தியது. வரைந்தவர் யாரென வினவினர், வரைந்தவர் ஜன்கர். இருபது வயதை ஒட்டிய அவ்விளைஞரின் கையில் தாளும் வண்ணமும் கொடுத்தனர். மண் வண்ணங்களையே அறிந்திருந்த அவர், பளிச்சிடும் போஸ்டர் வண்ணத்தைத் தூரிகையால் முதன்முதல் தொட்டபோது உடலெங்கும் நடுக்கம் ஓடியதாகப் பின்னாளில் நினைவுகூர்ந்தார்.

1982ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் பாரத் பவன் திறக்கப்பட்டது. அதன் முதற்காட்சியிலேயே ஜன்கரின் படைப்புகள் இடம்பெற்றன. சுவாமிநாதன் அவரைப் போபாலுக்கு அழைத்து, பாரத் பவனின் அச்சோவியப் பிரிவில் பணி கிடைக்கச் செய்து, தம் வீட்டின் பின்புறத்திலேயே குடும்பத்துடன் குடியமர்த்தினார்.

இந்நிகழ்ச்சியை ஜன்கர் கண்டுபிடிக்கப்பட்டார் என்று எழுதுவோர் பலர். நாம் அவ்வாறு எழுதத் தயங்குகின்றோம். காணாமற் போனதன்றோ கண்டுபிடிக்கப்பட வேண்டும்? ஜன்கர் தம் ஊரிலேயே இருந்தார். அவர் திறமும் சுவரிலேயே இருந்தது. இல்லாதிருந்தவை தாளும், வண்ணமும், மாத ஊதியமும், சமமாக மதிக்கும் ஒரு மனிதருமே. இவை நான்கும் ஒருங்கே கிட்டியபோது ஐந்தே ஆண்டுகளில் அவர் எய்திய உயரத்தைக் காணும்போது, இவை கிட்டாமையால் எத்தனை சுவர்களின் ஓவியங்கள் மழையில் கரைந்து போயினவோ என்று நெஞ்சம் வருந்துகிறது.

ஓவியத்தின் இயல்பு

ஜன்கர் செய்த புதுமை யாது? பர்தான்களின் தெய்வங்கள் பாட்டில் வாழ்ந்தனவேயன்றிப் பெரும்பாலும் படத்தில் வாழ்ந்தனவல்ல. கருமருது மரமே படா தேவின் இருப்பிடம். மேடையில் நட்ட கல்லோ மரமோதான் அடையாளம். தாக்கூர் தேவ், கல்சாஹின் தேவி முதலிய தெய்வங்களுக்கு முகமும் கையும் காலும் தந்து தாளின்மேல் நிறுத்தியவர் ஜன்கர். பாட்டனின் பானாவில் இருந்த இசை பேரனின் கையில் கோடாகியது என்பர் அறிந்தோர். பாணர் மரபு அழியவில்லை. காதிலிருந்து கண்ணுக்கு இடம் மாறியது.

அவர் ஓவியத்தை நாம் உற்றுநோக்கும்போது முதலிற் புலப்படுவது புள்ளி. உருவத்தின் புறக்கோட்டை உறுதியாக இழுத்து, அதன் உட்புறத்தை வரிசை வரிசையான புள்ளிகளாலும், சீப்புப் பல் போன்ற நுண்கோடுகளாலும், சிறு நீள்வட்டங்களாலும் நிரப்புவார். பழங்குடி மகளிர் உடலில் குத்திக்கொள்ளும் பச்சையின் புள்ளிகளை அவை நினைவூட்டும். ஒரு மானை நிறைத்திருக்கும் புள்ளிகள் அதன் கொம்பில் ஏறி, அங்கிருந்து கிளையாகி, கிளையில் பறவையாகும். மானின் கொம்பு எங்கே முடிகிறது, மரம் எங்கே தொடங்குகிறது என்று பிரித்துக் கூற இயலாது. காட்டில் வாழ்ந்தவன் கண்ட உண்மை அது. விலங்கும் மரமும் மனிதனும் ஒன்றோடொன்று பின்னி வாழ்கின்றன என்னும் அறிவு அதில் அடங்கியுள்ளது.

புலி, முதலை, ஆமை, நண்டு, சிலந்தி, பாம்பு ஆகிய யாவும் அவர் தூரிகையில் இடம்பெற்றன. வெள்ளைத் தாளில் கறுப்பு மையால் மட்டுமே வரைந்த ஓவியங்களும், அடர்ந்த பச்சையும் செம்மையும் மஞ்சளும் மிளிரும் ஓவியங்களும் உண்டு. அச்சோவியப் பிரிவில் பணியாற்றியதால் திரையச்சு முறையையும் கற்றுக் கையாண்டார். பின்னர்க் கான்வாஸ் துணியில் பெரிய அளவிலும் வரைந்தார்.

ஆதலின் பழைய மரபை அப்படியே படியெடுத்தவர் ஜன்கர் என்று கூறுதல் பிழையாகும். திக்னாக் கோலம் வேறு. ஜன்கரின் ஓவியம் வேறு. மரபிலிருந்து விதை எடுத்து, தம் அறிவால் புதுப்பயிர் விளைத்தார் அவர். பழங்குடியிலும் தாழ்த்தப்பட்டோரிலும் மரபு உண்டு, ஆனால் தனிமனிதரின் புத்தறிவு இல்லை என்று பேசுவோர்க்கு அவர் ஓவியங்களே விடை.

புகழும் பொறுப்பும்

1986ஆம் ஆண்டில் மத்தியப் பிரதேச அரசு தன் உயரிய கலை விருதாகிய சிகர் சம்மான் விருதை அவருக்கு வழங்கிற்று. ஊரை விட்டு வந்து ஐந்தாண்டே ஆகியிருந்தது. 1988ஆம் ஆண்டில் ஜப்பான் சென்றார். அவ்வேளையில் பிறந்த தம் மகளுக்கு ஜப்பானி என்றே பெயரிட்டார். 1989ஆம் ஆண்டில் பாரிஸ் நகரின் பாம்பிடு மையத்தில் உலகக் கலைஞர்கள் பலரின் படைப்புகளை ஒருங்கே வைத்து நடந்த பெருங்காட்சியில் ஜன்கரின் ஓவியங்களும் வைக்கப்பட்டன. போபாலில் சார்லஸ் கொரியா வடிவமைத்த மத்தியப் பிரதேசச் சட்டமன்றக் கட்டடத்தின் சுவர்களை அலங்கரிக்கும் பணியும் அவர் கைக்கு வந்தது. எருமை மேய்த்த சிறுவனின் கோடுகள் சட்டம் இயற்றும் மன்றத்தின் சுவரில் ஏறின.

1998ஆம் ஆண்டில் புதுதில்லியில் கலை வரலாற்று அறிஞர் ஜோதீந்திர ஜெயின், நாட்டுப்புற, பழங்குடிக் கலைஞர் ஐவரின் படைப்புகளைத் தொகுத்து ஒரு காட்சியும் நூலும் அமைத்தார். மிதிலை ஓவியர் கங்கா தேவி, வார்லி ஓவியர் ஜிவ்யா சோமா மாஷே, மண்ணுருவக் கலைஞர்களான சோனாபாய், நீலமணி தேவி ஆகிய நால்வருடன் ஐந்தாமவர் ஜன்கர். குலத்தின் பெயரால் அன்றி, தம் சொந்தப் பெயரால் ஐவரும் அறிமுகமாயினர் என்பதே அக்காட்சியின் சிறப்பு.

எனினும், நம் உள்ளத்தை மிகவும் கவர்வது இவ்விருதுகளல்ல. போபாலில் ஜன்கரின் வீடு ஒருநாளும் அவர் குடும்பத்திற்கு மட்டும் உரியதாக இருக்கவில்லை. பாடன்கட்டிலிருந்தும் சுற்றியுள்ள ஊர்களிலிருந்தும் தம்பிமார், மருமக்கள், மைத்துனர் எனப் பலரும் வந்து தங்கினர். அவரவர் கையில் தூரிகையைக் கொடுத்தார் ஜன்கர். முதலில் தம் பெரிய ஓவியங்களின் உட்புறத்தைப் புள்ளிகளால் நிரப்பப் பழக்கினார். பின்னர்த் தாமே வரையுமாறு தூண்டினார். பதினாறு வயதில் போபாலுக்கு வந்து காவலாளியாகவும் மின்பணியாளராகவும் உழைத்துக்கொண்டிருந்த மருமகன் பஜ்ஜு ஷ்யாமைத் தம்மிடம் சேர்த்துக்கொண்டு ஓவியராக்கியவர் அவரே. ஒரே மாதிரி வரையாமல், ஒவ்வொருவரும் தமக்கெனத் தனிப் புள்ளியும் தனிக் கோடும் அமைத்துக்கொள்ளும் வழக்கம் அப்பள்ளியில் வளர்ந்தது. உள்ளே நிரப்பியுள்ள கோலத்தைக் கண்டே இது இன்னார் கை என்று இன்றும் கூறிவிடலாம்.

ஒருவர் உயர்ந்தால் தாம் ஏறிய ஏணியை எடுத்துவிடுவதும் உலகில் உண்டு. ஜன்கர் ஏணியை அகலமாக்கினார்.

துயர முடிவு

1994ஆம் ஆண்டில் சுவாமிநாதன் மறைந்தார். ஜன்கருக்கு ஆசானும் அரணுமாக இருந்தவர் மறைந்தபின், கலை உலகின் கொடுக்கல் வாங்கலில் அவர் தனித்து நிற்க நேர்ந்தது. பெருங்குடும்பத்தின் பொறுப்பும் அவர் தோளில் இருந்தது.

ஜப்பான் நாட்டின் நீகாதா மாநிலத்தில், தோகமாச்சி நகரத்தை அடுத்த மலைப்பகுதியில், இந்திய நாட்டுப்புற ஓவியங்களைத் தொகுத்து வைத்திருக்கும் மிதிலை அருங்காட்சியகம் உள்ளது. இந்திய ஓவியர்கள் அங்கே சில திங்கள் தங்கி வரைவது வழக்கம். 2001ஆம் ஆண்டில் ஜன்கரும் சென்றார். மாதம் 12,000 ரூபாய் அளவிலான ஊதியத்திற்கு அவர் அங்கே வரைந்ததாக அந்நாளைய செய்திகள் கூறின. தங்கும் காலம் நீண்டது. ஊர் திரும்ப வேண்டும் என்னும் ஏக்கம் அவர் வீட்டிற்கு எழுதிய கடிதங்களில் வெளிப்பட்டது. மொழி தெரியாத நாட்டில், தம்மவர் எவருமில்லாத மலைச்சாரலில், 2001ஆம் ஆண்டு ஜூலை 3ஆம் நாள் ஜன்கர் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். அப்போது அவருக்கு அகவை நாற்பதளவே.

செய்தி கேட்டு நாட்டின் ஓவியர்களும் எழுத்தாளர்களும் கலங்கினர். எந்நிலையில் அவர் அங்கே வைக்கப்பட்டிருந்தார் என்று விசாரணை கோரிக் குரல் எழுப்பினர். நகரத்து ஓவியர் வெளிநாடு சென்றால் ஒப்பந்தமும், தங்கும் காலமும், படைப்பின் உரிமையும் எழுத்தில் தெளிவாக இருக்கும். பழங்குடிக் கலைஞர் சென்றால் மட்டும் கூலியாள்போல் மாதச் சம்பளம் ஏன் என்னும் கேள்வி அப்போது பலராலும் எழுப்பப்பட்டது. ஒரு மனிதரின் மனத்துயருக்கு ஒரே காரணத்தைச் சுட்டி முடித்துவிடுதல் அறமாகாது. ஆயினும் அக்கேள்வி நியாயமான கேள்வி என்பதில் நமக்கு ஐயமில்லை.

ஒரு கணக்கை மட்டும் இங்கே கூறுவோம். சிலந்தியுடன் கூடிய நிலக்காட்சியாக ஜன்கர் 1988ஆம் ஆண்டில் வரைந்த ஓவியம் ஒன்று, 2010ஆம் ஆண்டில் நியூயார்க் நகரில் சோத்பி நிறுவனத்தின் ஏலத்தில் 31,250 டாலருக்கு விலைபோயிற்று. அந்நாளைய மதிப்பில் அது பதினான்கு லட்சம் ரூபாயை ஒட்டியது. மாதம் 12,000 ரூபாய் என்னும் ஊதியத்தில் அத்தொகையை ஈட்டப் பத்தாண்டு உழைத்தல் வேண்டும். ஓவியத்திற்கு விலை இருந்தது. ஓவியரின் கைக்கு அது வந்து சேரும் வழிதான் இருக்கவில்லை.

அவர் விட்டுச் சென்றவை

ஜன்கர் மறைந்தார், அவர் தொடங்கி வைத்தது மறையவில்லை. அவருடைய ஓவிய முறையை இன்று ஜன்கர் கலம் என்று அழைக்கின்றனர். கலம் என்பது வடமாநிலங்களில் எழுதுகோலையும் தூரிகையையும், அதன் வழியாக ஓர் ஓவியப் பாணியையும் குறிக்கும் சொல். அரசர்களின் தலைநகரங்களது பெயரால் ஓவியப் பாணிகள் வழங்கிவந்த நாட்டில், ஒரு பர்தான் இளைஞரின் பெயரால் ஒரு பாணி வழங்குவது சிறிய செய்தியன்று. பாடன்கட் இன்று வீட்டுக்கு வீடு ஓவியர் வாழும் ஊர். மனைவி நன்குசியா, மகன் மயங்க், மகள் ஜப்பானி ஆகியோரும் ஓவியர்களாகப் பெயர் பெற்றனர். மருமகன் பஜ்ஜு ஷ்யாமுக்கு 2018ஆம் ஆண்டிலும், உறவினரான துர்க்காபாய் வியாமுக்கு 2022ஆம் ஆண்டிலும் இந்திய அரசு பத்மஸ்ரீ விருது வழங்கியது.

நம் சென்னைக்கும் இம்மரபில் ஒரு பங்குண்டு. லண்டன் மாநகரைப் பழங்குடிக் கண்ணால் கண்டு பஜ்ஜு ஷ்யாம் வரைந்த 'தி லண்டன் ஜங்கிள் புக்' என்னும் நூல் 2004ஆம் ஆண்டில் சென்னையின் தாரா பதிப்பகத்தால் வெளியிடப்பட்டது. பஜ்ஜு ஷ்யாம், துர்க்காபாய், ராம்சிங் உர்வேதி ஆகிய மூவர் வரைந்த மரங்களின் நூலைக் கறுப்புத் தாளில் கையாலேயே திரையச்சிட்டுத் தந்தவர்களும் சென்னைத் தொழிலாளர்களே.

எல்லாவற்றினும் மேலாக நாம் போற்ற வேண்டிய நூல் ஒன்று உண்டு. அண்ணல் அம்பேத்கரின் வாழ்வில் நிகழ்ந்த தீண்டாமைக் கொடுமைகளைப் படக்கதையாகச் சொல்லும் 'பீமாயணம்' 2011ஆம் ஆண்டில் நவயானா பதிப்பகத்தின் வழியாக வெளிவந்தது. கதையை ஸ்ரீவித்யா நடராஜனும் எஸ். ஆனந்தும் எழுத, துர்க்காபாய் வியாமும் அவர் கணவர் சுபாஷ் வியாமும் வரைந்தனர். சுபாஷ், ஜன்கரின் மனைவி நன்குசியாவின் உடன்பிறந்தவர். ஜன்கரால் தூரிகை பிடித்தவர். இந்நூல் தமிழிலும் வந்துள்ளது.

இந்நூலில் வழக்கமான படக்கதைகளின் கட்டங்கள் இல்லை. அறைகளாக அடைத்து வைத்தால் மனிதர் மூச்சுவிட இயலாது என்று கருதி, திக்னாக் கோலத்தையே பக்கங்களுக்கு எல்லையாக அமைத்தனர். பள்ளியில் நீர் மறுக்கப்பட்ட சிறுவன் பீமனின் உடலுக்குள் மீன் நீந்துகிறது. தாகம் அவ்வாறு உருப்பெறுகிறது. இரயில் வண்டி பாம்பாகிறது. அன்பான சொற்கள் பறவையின் வடிவிலும், நஞ்சுடைய சொற்கள் தேள் கொடுக்கின் வடிவிலும் அமைகின்றன. 1901ஆம் ஆண்டில் தந்தையைக் காணச் சென்ற சிறுவர்களுக்கு வண்டியும் நீரும் மறுக்கப்பட்டது, பரோடாவில் படித்துப் பட்டம் பெற்றவர்க்குத் தங்க இடமில்லாமற் போனது, 1934ஆம் ஆண்டில் தௌலதாபாத் கோட்டையின் குளத்து நீரைத் தொட்டதற்காக எழுந்த கூச்சல் ஆகிய மூன்றும் அப்பக்கங்களில் உயிர் பெற்றுள்ளன. பாடன்கட்டின் மண்சுவரில் தொடங்கிய புள்ளி, அண்ணலின் வரலாற்றில் வந்து சேர்ந்தது. பழங்குடியின் தூரிகையும் தாழ்த்தப்பட்டோரின் வரலாறும் கைகோத்த இந்நிகழ்ச்சியை ஜன்கர் காணவில்லை. அவரில்லையேல் அது நிகழ்ந்துமிராது.

நாம் கொள்ள வேண்டுவன

அன்பார்ந்த இளைஞர்களே! இவ்வாழ்க்கையிலிருந்து நாம் கொள்ள வேண்டுவன மூன்று என்று கருதுகின்றோம்.

முதலாவது, நம்மிடம் உள்ளதை நாமே இழிவாக எண்ணலாகாது. நம் தாய்மார் இடும் கோலமும், தந்தையர் முழக்கிய பறையும், பாட்டியர் பாடிய ஒப்பாரியும் தலைமுறை தலைமுறையாகக் கற்றுச் சேர்த்த அறிவு. அவற்றைத் திணித்த சாதிக் கடமையைத் துறப்போம்; அவற்றில் அடங்கிய திறத்தைத் துறக்க வேண்டுவதில்லை. விருப்பத்தால் செய்வது கலை. கட்டாயத்தால் செய்விப்பது அடிமைத்தனம். இவ்வேறுபாட்டை ஜன்கரின் வாழ்வு விளக்குகிறது.

இரண்டாவது, திறமைக்குத் துணையாகக் கல்வி வேண்டும். கல்வியென்று நாம் கூறுவது தேர்வில் பெறும் மதிப்பெண்களை மட்டுமன்று. தன் கையெழுத்து எதன்கீழ் விழுகிறது என்று அறிவதும், உழைப்பின் விலையைக் கேட்டுப் பெறுவதும், உரிமையை எழுத்தில் வாங்குவதும் கல்வியே ஆகும். வள்ளூரிலும் அத்திப்பட்டிலும் எண்ணூரிலும் காட்டுப்பள்ளியிலும் அனல்மின் நிலையங்களிலும் துறைமுகங்களிலும் ஒப்பந்தத் தொழிலாளராக நம் இளைஞர்கள் உழைக்கின்றனர். கடல் கடந்து செல்வோரும் உளர். ஒப்பந்தத் தாளைப் படித்துப் பொருள் கூற வல்ல ஒருவர் வீட்டுக்கு ஒருவராக உருவாதல் வேண்டும். நம் சங்கம் கல்வியைத் தன் பெயரிலேயே தாங்கி நிற்பது இதன் பொருட்டே. அயலூரில் துயருறுவோர் அதனைத் தம்முள் அடக்கி வைக்காமல் உற்றாரிடமும் தோழரிடமும் சொல்லல் வேண்டும். அதைக் கேட்கும் காது நம்மிடமும் இருத்தல் வேண்டும்.

மூன்றாவது, தனியே உயர்தல் உயர்வாகாது. ஜன்கர் பெற்ற விருதுகள் ஒருவரோடு நின்றன. அவர் பிறர் கையில் கொடுத்த தூரிகை நூற்றுக்கணக்கானவரை வாழ வைத்தது. படித்து வேலை பெற்ற நம் பிள்ளைகள் தம் பின்னால் வருவோர்க்கு ஆண்டுக்கு ஒருவரையேனும் கைதூக்கி விடுவார்களாயின், அதுவே ஜன்கர் சிங் ஷ்யாமுக்கு நாம் செலுத்தும் நன்றியாகும்.

மழையில் கரையும் மண்சுவரில் எழுதிய கை, தன் பெயரை உலகில் எழுதிச் சென்றது. நம் பிள்ளைகளின் பெயர்களும் அவ்வாறே எழுதப்படுக!